கான்செட் ஊர் திரும்பிய கதை

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் எந்த மதுக்கடைக்குள் நுழைந்தாலும் இன்று கான்செட் பீர் கிடைக்கும். 16 அவுன்ஸ் பிடிக்கும் உயரமான டின். முழுப் பெயர் நாரகான்செட். அதை முழுதாகச் சொல்லிக் கேட்பவர்களை இங்கே அதிகம் பார்க்க முடியாது. வெள்ளிக்கிழமை மாலையில் இளைஞர்கள் ஆறு டின் கட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள். தாத்தா காலத்துப் பீர் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தப் பெயர் ஒருமுறை இந்த மாநிலத்தை விட்டே போயிருந்தது என்பது பலருக்குத் தெரியாது. போனதையும் பார்த்தேன், வந்ததையும் பார்த்தேன். வந்ததைக் கொண்டாடுகிறவர்களுக்குப் போன விதத்தையும் சொல்லிவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் 1979-ல் கோயம்புத்தூரிலிருந்து இந்த மாநிலத்தின் தலைநகரான பிராவிடன்ஸுக்குப் படிக்க வந்தேன். ஊரில் அப்போது மதுவிலக்கு. எங்கள் தெருவில் பர்மிட் வைத்திருந்தவர் ஒரே ஒருவர். அவரைப் பற்றிப் பேசும்போது பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அப்படிப்பட்ட தெருவிலிருந்து வந்தவனுக்கு மலிவு வாடகையில் கிடைத்த இடம் ஒரு பீர் ஆலைக்குப் பக்கத்தில். பிராவிடன்ஸை ஒட்டித் தெற்கே இருக்கும் கிரான்ஸ்டனில், மாடிக்கு ஒரு குடும்பமாக மூன்று குடும்பங்கள் இருக்கும் மரவீடு. எனக்கு மேல்மாடி.

காலையில் ஜன்னலைத் திறந்தால், அடுப்பில் கேழ்வரகுக் கூழ் கொதிக்கிற மாதிரி ஒரு வாசனை வரும். அதன் மேல் லேசாக ஒரு கசப்பு. முளைகட்டிக் காயவைத்த பார்லியை அரைத்து வெந்நீரில் ஊறவைத்து, அதன் இனிப்பை இறக்கி, அந்தச் சாற்றில் ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவைக்கும்போது எழுகிற ஆவி அது. குளிர்காலத்தில் பனி மூடிய தெருவில் அந்த வாசனை நகராமல் நிற்கும். பள்ளிக்குப் போகிற குழந்தைகள், தேவாலயத்துக்குப் போகிற பாட்டிகள் எல்லோரும் அதற்குள்தான் நடந்து போவார்கள். மூக்கைப் பிடித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. ஆலை ஓடுகிறது, சம்பளம் வருகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். மில் சங்கு ஊதிய ஊரில் வளர்ந்த எனக்கு அது சட்டென்று புரிந்தது.

கீழ்மாடிக்காரர் அந்த ஆலையில் பாட்டில் பிரிவில் வேலை பார்த்தார். இத்தாலிய வம்சாவளி. கிரான்ஸ்டனின் அந்தப் பகுதியில் பாதிப் பேர் அப்படித்தான். நான் என்ன படிக்கிறேன் என்று ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டதிலிருந்து அவருக்கு நான் 'இன்ஜினியர்'. அவருடைய வேலை, பார்ப்பது. கழுவி வரும் காலி பாட்டில்கள் வெளிச்சத் திரைக்கு முன்னால் வரிசையாக ஓடும். வாய் உடைந்திருக்கிறதா, கீறல் இருக்கிறதா, அடியில் சிகரெட் துண்டு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, பழுதானதை ஓடுகிற வரிசையிலிருந்து எடுத்துப் போட வேண்டும். நெடுநேரம் பார்த்தால் கண் ஏமாற்றிவிடும் என்பதால் ஆளை மாற்றி மாற்றி உட்காரவைப்பார்கள். வீட்டிலும் அவருக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. தண்ணீர் குடிக்கக் கொடுத்த டம்ளரைக்கூட விளக்குக்கு நேராக ஒரு நொடி பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்.

அவர் வீட்டுச் சமையலறையில் ஒரு தகரத் தட்டு மாட்டியிருந்தது. பீர் குவளைகளை எடுத்துப் போகிற வட்டத் தட்டு. சுருட்டுக் கடை வாசலில் நிறுத்திவைக்கும் மரச்சிலையைப் போல, இறகு சூடிய ஒரு பூர்வகுடித் தலைவரின் கேலிச்சித்திரம் அதில் இருக்கும். குழந்தைப் புத்தகங்களால் உலகமெங்கும் தெரிந்த டாக்டர் சூஸ், அந்தப் புகழ் வருவதற்கு முன்னால் 1940-களில் இந்த பீருக்காக வரைந்த உருவம் அது. அந்தத் தட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆலையின் கதையை முதலில் அவர் வாயால்தான் கேட்டேன். பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். 1890-ல் ஜெர்மானிய வம்சாவளியைச் சேர்ந்த ஆறு பேர் கூட்டாகத் தொடங்கியது. அவர்களில் ஒருவரான ஜேக்கப் விர்த், பாஸ்டனில் பெயர்பெற்ற உணவகம் நடத்தியவர். அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கைக் கொண்டுவந்த 18-வது சட்டத்திருத்தத்தை ரோட் ஐலண்டும் கனெக்டிகட்டும் மட்டும் கடைசிவரை ஏற்கவில்லை. ஆனாலும் சட்டம் எல்லோருக்கும் சட்டம்தான். 1933-ல் அது நீங்கியபோது ஆலை ருடால்ஃப் ஹாஃபன்ரெஃபர் என்பவர் கையில் இருந்தது. அவர் காலத்தில்தான் கான்செட், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்தின் வீட்டுப் பீராக ஆனது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் ஒலிபரப்புக்கு ஆலை பணம் கொடுத்தது. வர்ணனையாளர் கர்ட் கவ்டி ஆட்டத்துக்கு நடுவே 'ஹை நெய்பர், ஹேவ் எ கான்செட்' என்று சொல்வார். நான் வந்தபோது அந்தக் குரல் ரெட் சாக்ஸை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. இருந்தும் கீழ்மாடிக்காரர் என்னை மாடிப்படியில் பார்த்தால் அதே ராகத்தில் 'ஹை நெய்பர்' என்பார். அந்த ஊரில் என்னை அண்டைவீட்டுக்காரன் என்று முதலில் கூப்பிட்டவர் அவர்தான்.

ஆனால் 1979-ல் ஆலை உண்மையில் ரோட் ஐலண்டுக்காரர்களுடையதே அல்ல. 1965-லேயே செயின்ட் லூயிஸ் நகரத்து ஃபால்ஸ்டாஃப் நிறுவனம் அதை வாங்கியிருந்தது. அப்போது ஃபால்ஸ்டாஃப் நாட்டின் நான்காவது பெரிய பீர் நிறுவனம். நாரகான்செட் நியூ இங்கிலாந்தில் விற்பனையில் முதலிடம், சந்தையில் ஏறக்குறைய 20 சதவீதம். இந்த விற்பனை போட்டியைக் குலைக்கும் என்று அமெரிக்க அரசாங்கமே வழக்குப் போட்டது. வழக்கு 1973-ல் உச்ச நீதிமன்றம் வரை போய்க் கீழ் நீதிமன்றத்துக்கே திரும்பியது. கடைசியில் ஃபால்ஸ்டாஃப் பக்கமே தீர்ப்பானது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள்: வெளியே காத்திருக்கும் ஒரு பெரிய நிறுவனம், எந்த நேரமும் சந்தைக்குள் நுழையலாம் என்ற பயத்தாலேயே உள்ளே இருப்பவர்களைக் கட்டுக்குள் வைத்திருக்கிறதா என்பதுதான் அதில் கேள்வி. வழக்கு எட்டு வருடத்துக்கு மேல் இழுத்தது. அதற்குள் சந்தையே மாறிவிட்டது. நெடுஞ்சாலைகளும் தொலைக்காட்சி விளம்பரமும் சேர்ந்து, நாடு முழுக்க ஒரே பீரை விற்கிறவர்களுக்குத்தான் காலம் என்று ஆக்கிவிட்டன. 1970-ல் ஆன்ஹைசர்-புஷ் நியூ ஹாம்ஷயரின் மெரிமாக்கில் புத்தம்புது ஆலையைத் திறந்து, பட்வைசரை நியூ இங்கிலாந்துக்குள்ளேயே காய்ச்ச ஆரம்பித்தது. நீதிமன்றத்தில் பேசியதெல்லாம் வராத ஒரு போட்டியாளரைப் பற்றி. வந்த போட்டியாளரோ பக்கத்து மாநிலத்தில் கொப்பரையை ஏற்றிவிட்டார்.

1975-ல் ஃபால்ஸ்டாஃப் நிறுவனமே பால் கல்மனோவிட்ஸ் என்ற முதலாளியின் கட்டுப்பாட்டுக்குப் போனது. தள்ளாடும் பீர் நிறுவனங்களை வாங்கி, விளம்பரம் உட்பட எல்லாச் செலவையும் வெட்டி, பிராண்டில் மிச்சமிருக்கும் பெயரை வைத்துச் சம்பாதிப்பது அவர் வழி. அதே 1975-ல்தான் 'ஜாஸ்' என்ற சுறா வேட்டைப் படம் வந்தது. படகுக்காரர் குவின்ட் ஒரு கான்செட் டின்னை ஒரே மடக்கில் காலி செய்து கையாலேயே நசுக்குவார். எதிரே உட்கார்ந்திருக்கும் படித்த இளைஞர் ஹூப்பர் பதிலுக்குத் தன் ஸ்டைரோஃபோம் டம்ளரை நசுக்குவார். உலகமே அந்த டின்னைப் பார்த்தது. பார்த்த நேரத்தில் அதைத் தயாரித்த ஆலைக்கு மிச்சமிருந்தது ஆறு வருடம்.

1981-ல் கிரான்ஸ்டன் ஆலையை மூடினார்கள். காய்ச்சுவது இண்டியானா மாநிலத்தின் ஃபோர்ட் வேய்ன் நகரத்துக்குப் போனது. எங்கள் தெருவில் முதலில் போனது வாசனைதான். பல வீடுகளில் பேச்சும் குறைந்தது. கீழ்மாடிக்காரருக்கு அப்போது ஐம்பதைத் தாண்டிய வயது. ஓடுகிற பாட்டிலில் கீறல் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு வேறு எந்தத் தொழிற்சாலையிலும் கிராக்கி இல்லை. பள்ளிக்கூடம் ஒன்றில் இரவுக் காவலாளியாகச் சேர்ந்தார். அந்த வருடம்தான் எம்.ஜி.ஆர். அரசு மதுவிலக்கைத் தளர்த்தியதை அப்பா கடிதத்தில் எழுதியிருந்தார். தெருமுனையில் கடை வந்துவிட்டது என்று அவர் வருத்தப்பட்டிருந்தார். நான் படித்துக்கொண்டிருந்த மாடியின் கீழே, ஆலை போய்விட்டது என்று ஒருவர் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வருத்தமும் எனக்கு நியாயமாகவே பட்டன. இன்றும் படுகின்றன.

மூடின பிறகும் கடையில் கான்செட் இருந்தது. அதே லேபிள், அதே விலை. அவர் ஒரு பாட்டில் வாங்கிவந்து, வழக்கம்போல் சமையலறை பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்தார். திறந்து ஒரு வாய் குடித்தார். "பாட்டில் நல்ல பாட்டில்தான், இன்ஜினியர். பீர் நம்முடையது இல்லை" என்றார். ஃபோர்ட் வேய்னில் காய்ச்சியது மோசம் என்பதை அவர் நாக்கு சொன்னதா, மனசு சொன்னதா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. பிரிக்கத் தேவையும் இல்லை என்றே நினைக்கிறேன். பீர் என்பது தண்ணீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் நான்கும் சேர்ந்தது என்று பாடப்புத்தகம் சொல்லும். அவருக்கு அதில் ஐந்தாவதாகத் தன் கண்ணும் சேர்ந்திருந்தது.

அவர் 1990-களின் நடுவில் காலமானார். ஆலைக் கட்டடங்களை 1998-ல் இடித்தார்கள். இன்று அந்த இடத்தில் பெரிய பெரிய கடைகளும், அவற்றின் முன்னால் கார் நிறுத்தப் பரந்த தார்த்தளமும் இருக்கின்றன. வீட்டுக்குக் குழாய் மாற்ற, சுவருக்கு வர்ணம் வாங்க என்று நானும் அங்கே போயிருக்கிறேன். கடை வந்ததில் எனக்குக் கோபமில்லை. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஓடிய ஆலையின் சுவர் ஒன்றையாவது விட்டுவைத்திருக்கலாம்.

ஒரு பிராண்டு சாவதில் ஒரு விசித்திரம் உண்டு. ஆலை இடிந்தாலும் பெயர் காகிதத்தில் உயிரோடு இருக்கும். கல்மனோவிட்ஸின் நிறுவனம் 1985-ல் பாப்ஸ்டை வாங்கியது. அப்படி நாரகான்செட் என்ற பெயரும் பாப்ஸ்டின் அலமாரிக்குப் போனது. பாப்ஸ்டே பிறகு 1996-ல் மில்வாக்கி ஆலையை மூடி, போகப் போக சொந்த ஆலை எதுவும் இல்லாமல் அடுத்தவர் கொப்பரையில் காய்ச்சி விற்கும் நிறுவனமாகிவிட்டது. அந்த அலமாரியிலிருந்து 2005-ல் பெயரை வெளியே எடுத்தவர் மார்க் ஹெலன்ட்ரங். நான்டக்கெட் நெக்டார்ஸ் என்ற பழச்சாறு நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். சில முதலீட்டாளர்களைச் சேர்த்துக்கொண்டு பிராண்டை வாங்கினார். பழைய ஆலையில் பீர் காய்ச்சும் பொறுப்பில் இருந்த பில் ஆண்டர்சனைத் தேடிப் பிடித்துச் செய்முறையைச் சரிசெய்தார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. பழைய லேபிளை மட்டும் ஒட்டிவிட்டு உள்ளே எதையாவது ஊற்றியிருக்க முடியும். பெரும்பாலான மறுபிறப்புகள் அப்படித்தான் நடக்கின்றன. செய்முறையை மனிதரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

ஆனாலும் ஊர் திரும்பியதாகச் சொன்ன அந்தப் பீரின் முக்கிய வகையான லாகர், நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் ஜெனசி ஆலையில்தான் காய்ச்சப்பட்டது. ஃபோர்ட் வேய்னுக்குப் போனதை இழப்பு என்று சொன்ன அதே ஊர், ராச்செஸ்டரிலிருந்து வந்ததை வரவு என்று கொண்டாடியது. இந்த முரணை யாரும் மறைக்கவில்லை. நிறைய விற்றால் ஆலையை இங்கே கொண்டுவருவோம் என்று நிறுவனமும் வெளிப்படையாகச் சொன்னது. பெயர் மட்டும் வந்தால் அது வியாபாரம். கொப்பரை வந்தால்தான் அது திரும்பி வருவது. இதில் எனக்கு அன்றும் ஒரே கருத்து, இன்றும் அதே கருத்து.

கொப்பரை வர ஏன் அவ்வளவு காலம் ஆனது என்பதற்குப் பணம் மட்டும் காரணமில்லை, பீரின் இயல்பும் காரணம். சிறு ஆலைகள் பெரும்பாலும் ஏல் வகையைத்தான் காய்ச்சுகின்றன. ஏல் ஈஸ்ட் சாதாரண அறை வெப்பத்திலேயே சுறுசுறுப்பாக வேலை செய்யும். இரண்டு மூன்று வாரத்தில் பீர் தயாராகிவிடும், தொட்டி காலியாகிவிடும். லாகர் அப்படியல்ல. அதன் ஈஸ்டுக்குக் குளிர் வேண்டும், நொதித்து முடிந்த பிறகும் உறைநிலைக்குச் சற்று மேலே வாரக்கணக்கில் ஓய்வு வேண்டும். அதுவரை தொட்டி அடைபட்டே கிடக்கும், குளிரூட்டும் இயந்திரமும் ஓடிக்கொண்டே இருக்கும். அதோடு லாகர் தெளிவான, மெல்லிய சுவை உள்ள பீர். ஏலில் ஹாப்ஸ் மூடிமறைக்கிற சிறு தவறும் லாகரில் அப்பட்டமாகத் தெரியும். குறைந்த விலைக்கு விற்கும் பீரை இவ்வளவு இடமும் மின்சாரமும் கொடுத்துச் சின்ன ஆலையில் காய்ச்சினால் கட்டுப்படியாகாது. கான்செட்டை உழைப்பாளிகளின் பீராக வைத்திருந்தது அதன் விலை. அந்த விலையைக் காப்பாற்றப் பெரிய தொட்டிகள் வேண்டும். அந்தப் பெரிய தொட்டிகளைத்தான் கிரான்ஸ்டனில் இடித்துவிட்டார்கள்.

இதற்கிடையே நாடே மாறிக்கொண்டிருந்தது. நான் வந்த காலத்தில் அமெரிக்கா முழுவதிலும் பீர் ஆலைகள் நூறுக்கும் குறைவு. வீட்டிலேயே பீர் காய்ச்சுவது குற்றமில்லை என்று ஆக்கும் சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் 1978-ல் கையெழுத்திட்டார். வாளியிலும் பாத்திரத்திலும் காய்ச்சிப் பழகிய பிள்ளைகள் பிறகு சிற்றாலைகளைத் தொடங்கினார்கள். இன்று எண்ணிக்கை ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. கான்செட்டைச் சந்தையிலிருந்து விரட்டியது பெரிய நிறுவனங்களின் ஒரே மாதிரிச் சுவை. அந்த ஒரே சுவை அலுத்துப்போன தலைமுறைதான் கான்செட்டைத் திரும்பக் கூப்பிட்டது. புது நிறுவனமும் ஊர்க்காரர்களைத் தேடிப் போய்க் கைகோத்தது. இந்த மாநிலத்தின் அதிகாரபூர்வ பானமே காபிப் பால்தான். அதற்கு சிரப் தயாரிக்கும் ஆட்டோக்ராட்டுடன் சேர்ந்து ஸ்டவுட் என்ற கறுப்புப் பீர் ஒன்று போட்டார்கள். கிரான்ஸ்டனில் 1948-லிருந்து எலுமிச்சைப் பானம் விற்கும் டெல்ஸுடன் சேர்ந்து ஷான்டி என்ற எலுமிச்சை கலந்த பீர் ஒன்று. பிராவிடன்ஸில் 1890-ல் பிறந்த எழுத்தாளர் லவ்கிராஃப்ட் பெயரில் ஒரு வரிசை. ஆலைக்கும் அவருக்கும் ஒரே வயது. கோடையில் 1975-ம் ஆண்டு டின்னை அதே வடிவத்தில் அச்சிட்டு விடுகிறார்கள், குவின்ட் மாதிரி நசுக்கிப் பாருங்கள் என்று. ஆலை சரிந்துகொண்டிருந்த நாட்களின் டின் அது. கீழ்மாடிக்காரர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களின் டின்னும்கூட. கடையில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் முகம்தான் முதலில் வருகிறது, சுறா அதற்கப்புறம்தான்.

2017-ல் பாடக்கெட் நகரில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் இயங்கிய கூட்டு ஆலையில் கான்செட்டின் சில வகைகளைக் காய்ச்சினார்கள். 1981-க்குப் பிறகு ரோட் ஐலண்டு மண்ணில் கான்செட் முதலில் கொதித்தது அங்கேதான். அந்தச் செய்தியைப் படித்தபோது கண் கலங்கியதை மறைக்க எனக்குக் காரணமில்லை. பிறகு 2021-ல் பிராவிடன்ஸ் துறைமுகத்தை ஒட்டிய ஃபாக்ஸ் பாயின்ட்டில் சொந்த ஆலையையும், காய்ச்சிய பீரை அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் டேப்ரூமையும் திறந்தார்கள்.

மகளோடு அங்கே போனேன். அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டுக் கோவைத் தமிழ் மட்டும் அவளிடம் ஒட்டிக்கொண்டது. பளபளக்கும் எஃகுத் தொட்டிகள், உயரமான ஜன்னல்கள், வெளியே படகுகள். தொட்டிகளைக் கண்ணால் அளந்தவள் கேட்டாள்: "அப்பா, லாகர்ல பெரும்பங்கு ராச்செஸ்டர்லதானுங்களே காய்ச்சறாங்க? அப்புறம் எப்படி இதை நம்மூர் பீருன்னு சொல்றீங்க?"

"அது தெரிஞ்சுதான் சொல்றேன், கண்ணு. மொத்தமும் வந்துடல. ஆனா அந்தத் தொட்டியைக் கழுவறாரே, அவரு இந்த ஊர்க்காரரு. 81-ல போனது அந்த வேலைதான். ஒண்ணு ரெண்டாவது திரும்பி வந்திருக்குதில்ல."

"அந்தக் காலத்துல எத்தனை பேருக்கு வேலை இருந்துச்சு, இப்ப எத்தனை பேருக்குங்க?"

நியாயமான கேள்வி. அன்று ஒரு தெருவே ஆலையில் வேலை பார்த்தது. இன்று டேப்ரூமில் பீர் ஊற்றுகிறவர்களையும் சேர்த்தால்கூட அந்த அளவு வராது. சிற்றாலை ஒரு ஊருக்குச் சுவையைத் தரும், கூடும் இடத்தைத் தரும், கொஞ்சம் பெருமையும் தரும். நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஓய்வூதியத்தோடு சம்பளம் தர அதனால் முடியாது. இதைச் சொல்வதால் சிற்றாலையைக் குறைத்துச் சொன்னதாகாது. இரண்டையும் ஒன்றென்று சொன்னால்தான் அது பழைய ஆட்களுக்குச் செய்யும் அநீதி.

புது ஆலை வந்த இடமும் சும்மா கிடந்த இடம் இல்லை. ஃபாக்ஸ் பாயின்ட் ஒரு காலத்தில் கேப் வெர்டே தீவுகளிலிருந்து வந்தவர்களின் குடியிருப்பு. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், கப்பலில் வேலை பார்த்தவர்கள். நெடுஞ்சாலை போட்டதும், வாடகை ஏறியதும் அவர்களைச் சிதறடித்துவிட்டன. நான் மாணவனாக இருந்தபோது அங்கே மிச்சமிருந்த சில கடைகளில் மீன் வாங்கியிருக்கிறேன். ஒரு ஊரில் எதுவும் திரும்பி வரும்போது, வேறு யாரோ போன இடத்தில்தான் வந்து உட்கார வேண்டியிருக்கிறது.

இப்போது அந்தத் தகரத் தட்டு. நாரகான்செட் என்பது இந்த மண்ணின் பூர்வகுடி மக்களின் பெயர். 1675 டிசம்பரில் காலனிப் படைகள் சதுப்புநிலக் கோட்டைக்குள் புகுந்து அவர்களில் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றன. எஞ்சியவர்கள் மாநிலத்தின் தெற்கே சார்ல்ஸ்டவுன் பக்கம் ஒடுங்கி வாழ்ந்தார்கள். 1880-ல் ரோட் ஐலண்டு சட்டமன்றம், இப்படி ஒரு இனமே இனி இல்லை என்று சட்டம் போட்டு, அவர்களிடம் மிச்சமிருந்த பொது நிலத்தை 5,000 டாலருக்கு எடுத்துக்கொண்டது. பத்து வருடம் கழித்து அதே மாநிலத்தில் ஒரு பீர் ஆலை அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டது. மக்கள் இல்லை என்று சட்டம் சொன்ன காலமெல்லாம் அவர்கள் பெயர் பாட்டிலில் இருந்தது, கேலிச்சித்திரமாகத் தட்டில் இருந்தது, ரேடியோவில் ஒலித்தது. ஆலை முதலாளி ஹாஃபன்ரெஃபர் பூர்வகுடிகளின் கலைப்பொருள்களை ஆர்வத்தோடு சேகரித்தவர். அவை இன்று பிரவுன் பல்கலைக்கழகத்தின் மானுடவியல் அருங்காட்சியகமாக அவர் பெயரையே தாங்கி நிற்கின்றன. பொருள்களுக்குக் கிடைத்த இடம் அப்போது மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை.

அவர்கள் வழக்காடினார்கள். 1978-ல் ஓர் உடன்படிக்கையில் ஏறக்குறைய 1,800 ஏக்கர் நிலம் திரும்பியது. 1983-ல் மத்திய அரசு அவர்களை ஒரு பழங்குடித் தேசமாக முறைப்படி அங்கீகரித்தது. பெயரை எடுத்துக்கொண்ட ஆலை மூடிய இரண்டு வருடத்தில் பெயருக்கு உரியவர்கள் சட்டத்தின் கண்ணில் மறுபடி பிறந்தார்கள். இந்த மாநிலத்தில் நான் கண்ட மறுபிறப்புகளில் பெரியது அதுதான். பீரைப் பற்றி எழுதுகிற யாரும் அதைச் சேர்த்து எழுதி நான் பார்த்ததில்லை. கீழ்மாடிக்காரரும் அந்தத் தட்டை அன்போடுதான் மாட்டியிருந்தார். அதில் இருந்த முகத்துக்குச் சொந்தக்காரர்கள் முக்கால் மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறார்கள் என்பது எங்கள் தெருவில் பேச்சாகவே வந்ததில்லை.

ஆகஸ்ட் மாதம் சார்ல்ஸ்டவுனில் நாரகான்செட் மக்கள் கூடும் ஆண்டுவிழா நடக்கும். இந்த முறை மகளோடு போகிறேன். புது ஆலைக்கு ஒரு கடிதமும் எழுதிவைத்திருக்கிறேன். அதில் கேட்டிருப்பது இரண்டுதான். கிரான்ஸ்டன் ஆலையில் கடைசியாக வேலை பார்த்தவர்களின் பெயர்ப்பட்டியல் டேப்ரூம் சுவரில் வர வேண்டும். அவர்களின் பிள்ளைகள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள், கேட்டால் புகைப்படங்களும் தருவார்கள். இரண்டாவது, இந்தப் பெயருடைய மக்கள் சார்ல்ஸ்டவுனில் வாழ்கிறார்கள் என்று டின்னில் ஒரு வரி அச்சிட வேண்டும். அந்த வரியின் வாசகத்தை அவர்களிடமே கேட்டு வாங்க வேண்டும் என்று மகள் சொன்னாள். அதையும் சேர்த்துக்கொண்டேன்.